சிஞோரா வீட்டுப் பின்படி

பிறர் வீட்டைக் கூட்டித் துடைக்கிற தொழிலில் முதலில் காணாமற் போவது வெள்ளிக் கரண்டி அல்ல, நம்பிக்கை. அவர்கள் எங்களைச் சந்தேகிப்பார்கள், நாங்கள் அவர்களைச் சந்தேகிப்போம், பிறகு இரண்டு பகுதியும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சின கோப்பியைக் குடிப்போம். பலெர்மோவின் லிபெர்த்தாத் தெருவில் மாடி மாடியாக ஏறி இறங்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

என் சொந்தக் குசினியை விட்டு நான் வெளிக்கிட்டது பிந்தித்தான். பிள்ளைகள் வளர்ந்து, தமிழில் ஒன்று கேட்டால் பலெர்மோ இத்தாலியனில் மூன்று திருப்பித் தரும் வயதுக்கு வந்திருந்தார்கள். என் மனுசன் அருளப்புவுக்கு ரெஸ்டோரன்ட் சட்டிகளைத் தூக்கித் தூக்கி முதுகு மடங்கிவிட்டது. வீட்டில் ஒரு ஆளுக்காவது ஒழுங்கான வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் போய் என்ன முகத்தோடு நிற்பது? ரதிதான் இந்த இடத்தைச் சொன்னாள். வன்னியிலிருந்து வந்த பிள்ளை, என்னைவிட இளையவள், ஆனால் எந்த வீட்டுக்காரச் சிஞோரா கடிப்பா, எந்தச் சிஞோரா குரைக்க மட்டும் செய்வா என்று அவளுக்குத்தான் தெரியும். "அக்கா, இது தனிக் கிழவி. கடிக்காது. ஆனா இங்கிலிஷ் கதைக்கும்," என்றாள்.

இங்கிலிஷுக்கு நான் பயந்தவள் இல்லை. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்; வசனத்தில் பிழை விட்டால் முழங்காலில் நின்று அதே வசனத்தைத் திருப்பிச் சொன்னவள். சிஞோரா பேசியது பழைய புத்தக இங்கிலிஷ், ஆகவே தமிழிலும் அவவைப் புத்தகம் போலவே பேச விடுகிறேன். மற்றவர்களுடைய இத்தாலியனுக்கு எங்கள் பேச்சே போதும்.

பனி பெய்யாத ஊரில் பனிக்கூரை

வீடு சியாகுல்லிப் பக்கம், மந்தரின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவில். சிஞோராவின் கொள்ளுத்தாத்தா இங்கிலாந்திலிருந்து வந்து வைனும் எலுமிச்சையும் கப்பலேற்றிக் காசு சேர்த்தவர். திரும்பிப் போகவும் மனமில்லை, மறக்கவும் மனமில்லை. ஆகவே தன் நாட்டுப்புறத்துப் பெரிய வீடு ஒன்றை அச்சுப் பிசகாமல் இங்கே கட்டுவித்தார். செங்கல் முகப்பு. நடுவாசலுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரி யன்னல் வரிசை. பனி வழுக்கி விழ வேண்டும் என்று செங்குத்தாகச் சரிந்த கூரை. அறைக்கு ஒரு கணப்பு, கணப்புக்கு ஒரு புகைபோக்கி. யன்னல்களோ தெற்கைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. அந்த நாட்டில் வெயிலை வருந்தி அழைக்க வேண்டுமாம். இங்கே அது அழைக்காமலே வந்து கதிரையில் குந்திக்கொள்கிறது. மற்ற வீடுகளில் இருப்பது போல யன்னலுக்கு வெளிப்பக்கம் மரக்கதவு கூட இல்லை. தோட்டக்காரன் பிப்போவின் குடில், சின்ன யன்னலும் பலகைக் கதவுமாகக் குளிர்ந்து கிடக்கும். பெரிய வீடு பாண் சுடுகிற போறணை மாதிரிக் கொதிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது கோடையில். முதல் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த வீட்டைக் கட்டினவருக்கு வெயில் எந்தப் பக்கத்தாலே வரும் என்று ஒருவரும் சொல்லவில்லையா, சிஞோரா?" என்று கேட்டுவிட்டேன். எண்பது தாண்டிய மனுசி, கம்பளிச் சால்வை போர்த்தபடி கணப்புக்குப் பக்கத்தில் இருந்தா. கணப்பில் நெருப்பு இல்லை. இருந்தும் பழக்கதோஷத்தில் கையை அதன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னா: "வெப்பம் என்பது வேலைக்காரர்களின் முறைப்பாடு என்று என் கொள்ளுத்தாத்தா கருதினார். அவர் கருத்து பிழை என்று இதுவரை எவரும் எனக்குக் காட்டவில்லை."

பச்சைக் கதவுக்கு இந்தப் பக்கம்

அந்த மாதிரி வீடுகளின் சூட்சுமம் முகப்பில் இல்லை, பின்பக்கத்தில் இருக்கிறது. குசினிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு. அதன் மேல் பச்சைக் கம்பளித் துணி வைத்துப் பித்தளை ஆணி அறைந்திருக்கிறது. இந்தப் பக்கம் சட்டி விழுந்தாலும் அந்தப் பக்கம் கேட்கக்கூடாதாம். எங்கள் வாசனையும் தாண்டக்கூடாதாம். வேலைக்காரர் மேலே போக வேறு படி. முன்படி அகலமாக, வழுவழுவென்று, நீளச் சட்டையை விரித்துக்கொண்டு இறங்குவதற்காகக் கட்டியது. பின்படி சுவர்களுக்கிடையே ஒடுங்கி, இருட்டாக, வளைந்து வளைந்து ஏறி, மேல்மாடி விறாந்தையின் கடைசியில் துணி அடுக்குகிற அறைக்குப் பக்கத்திலே ஒரு குட்டிக் கதவால் வெளியே வருகிறது. ஆளைக் காணாமலே வேலை நடக்க வேண்டும் என்று வீட்டுக்குள்ளே இன்னொரு வீட்டை ஒளித்துக் கட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மனிதர் எங்களை நம்பினார்கள் என்று யார் சொல்லுவது?

சிஞோராவின் தம்பி மகன், பலெர்மோவில் பெயர் பெற்ற அவொக்காத்தோ, வக்கீல். என் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர் அவர்தான். பின்படிப் பலகை உக்கிவிட்டது, அந்தப் பக்கம் போகக்கூடாது, ஆணியடித்து மூடியாயிற்று என்று சிஞோராவுக்கும் சொல்லிவிட்டேன் என்றார். ஆணியும் இல்லை ஒன்றும் இல்லை. பூட்டுத் திறப்பு குசினி அலுமாரிக்குள்ளேயே தொங்கியது. ஒரு ஆள் ஒரு கதவைத் திறக்காதே என்றால் எனக்கு முதலில் வருகிற கேள்வி, உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்பது. திறந்து பார்த்தேன். தூசிதான். கூட்டித் துடைத்து மெழுகு போட்டேன். பலகையும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் என்னைவிடத் திடம்.

தட்டம் தூக்கிக்கொண்டு முன்படியால் சுற்றி வருவதைவிட இது பாதித் தூரம். நான் மெழுகு போட்ட படியில் நானே செருப்போடு ஏறுவேனா? கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவேன். மேலே குட்டிக் கதவுக்குப் பின்னால் மரக்கட்டைச் சப்பாத்து ஒன்று வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் டொக் டொக் என்று நடந்து போய், கதவில் தட்டி, உத்தரவு கிடைத்த பிறகே உள்ளே போவேன். படியில் பூனை மாதிரி ஏறு, வாய் சும்மா இருந்தால் செபம் சொல், கதவைத் தட்டாமல் திறக்காதே என்று சிஸ்டர்மார் பழக்கியது.

ஒருநாள் என் செருப்பு பின்படிக் கதவடியில் கிடப்பதை அவொக்காத்தோ கண்டுவிட்டார். கூட்டப் போனேன் என்று சமாளித்தேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "அந்தப் படியிலை நீ விழுந்தால் அதுக்கு நான் பொறுப்பில்லை, ஜசிந்தா. விழாட்டிலும் நான் பொறுப்பில்லை."

திறக்காத யன்னல்

ஈஸ்டருக்கு முன் யன்னல் கழுவுகிற வேலை வந்தது. பிப்போ ஏணியைப் பிடிக்க, நான் முகப்பில் மேல்வரிசையைக் கழுவிக்கொண்டு போனேன். சிஞோராவின் படுக்கையறை யன்னலுக்கு இடப்பக்கத்து யன்னலில் பிசாசு பிடித்த அழுக்கு. எவ்வளவு தேய்த்தும் கண்ணாடி மினுங்கவில்லை. சவர்க்காரத் தண்ணி ஒரு வாளி முடிந்தது. பிப்போ கீழே நின்று மரியாதையாக இன்னொரு வாளி எடுத்துத் தந்தான். பிறகுதான் என் நகம் பட்டுச் சுண்ணாம்பு உரிந்தது. கண்ணாடி இல்லை, சட்டம் இல்லை, திரைச்சீலையின் மடிப்புக்கூடச் சாயத்தில் கீறிய மடிப்பு. வாசலுக்கு வலப்பக்கம் ஒரு யன்னல் இருந்தால் இடப்பக்கமும் ஒன்று இருக்கவேண்டும் என்று, உள்ளே இடமில்லாத இடத்தில் வெள்ளைக்காரர் யன்னலைப் படமாக எழுதி வைப்பார்களாம்.

முகத்துக்கு முகம் பொய் சொல்லுகிற வீட்டை நான் அதுவரை கண்டதில்லை. ஏணியால் இறங்கி வந்து, "தெரிஞ்சுகொண்டே ஏன் பேசாமல் நிண்டனீ?" என்று பிப்போவைப் பிடித்தேன். அவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான் கழுவுறாய், சிஞோரா ஜசிந்தா. உள்பக்கம் எப்ப கழுவப் போறாய்?"

ஆளில்லாத அறையின் மணி

குசினிச் சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் அறைக்கு ஒன்றாகப் பித்தளை மணி, சுருள் கம்பியில் தொங்கும். மேலே கைப்பிடியை இழுத்தால் சுவருக்குள் கம்பி ஓடிக் கீழே மணி ஆடும். சிஞோரா இன்றைக்கும் கைத்தொலைபேசியை மதிக்கமாட்டா, மணியைத்தான் இழுப்பா. ஒரு பிற்பகல், சிஞோரா கீழே தோட்டத்துக் கதிரையில் என் கண்ணுக்கு முன்னால் நித்திரை. மணி அடித்தது. புத்தக அறை மணி. பூட்டியிருக்கிற அறை.

தும்புத்தடியையும் கொண்டு மேலே போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவொக்காத்தோ கணப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். முழங்கை மணிக் கைப்பிடியில். கோட்டுப் போட்ட இன்னொருவர் கையில் சிவப்பு வெளிச்சம் விடுகிற அளவுகோல். சுவரில் ஒரு புள்ளி, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி. வீடு விற்கிறவன் எவன், விருந்துக்கு வந்தவன் எவன் என்று சப்பாத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இவன் சப்பாத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். நான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, அவொக்காத்தோ கூரைச் சாந்துப் பூவேலையைக் காட்டினார். "இவர் என்ரை சிநேகிதர். அழகைப் பாக்க வந்தவர். அழகையும் அளந்துதானே பாக்கவேணும்."

அவொக்காத்தோவின் கரிசனை

கிழவி உயிரோடும் தெளிவோடும் இருக்கும் வரை வீட்டை விற்க முடியாது என்பது எனக்கே விளங்கியது. தெளிவு இல்லை என்று ஒரு வைத்தியர் சொன்னால் கதை வேறு. அவவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடலாம், வீட்டை ஹோட்டல்காரருக்குக் கொடுக்கலாம், பச்சைக் கதவுக்கு முன்னால் நின்று யாராவது கலியாணப் படம் எடுக்கலாம். என் ஒப்பந்தமும் அதோடு சரி.

சில நாள் கழித்து அவரே குசினிக்கு வந்தார். அந்த மனிதர் குசினிக்கு வந்தது அதுதான் முதல் தரம். அருளப்புவின் முதுகைப் பற்றி விசாரித்தார். முதுகு என்று ஒன்று இருப்பதை யார் இவருக்குச் சொன்னார்கள் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். மாமி இப்போதெல்லாம் சுவருக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டா, பாவம், அதனால் ஒரு தொத்தோரேயை, வைத்தியரை, கூட்டி வருகிறேன் என்றார். வீடு போனாலும் என் வேலை போகாதாம். லிபெர்த்தாவில் அவருடைய வீட்டிலேயே ஒப்பந்தம் எழுதலாமாம், இதைவிட நல்ல ஒப்பந்தம். எங்கள் ஆட்களின் வாயில் யாராவது இப்படி ஒரு இனிப்பை வைத்தால் விழுங்குவதற்கு முன் ஒருக்கால் துப்பிப் பார்க்க வேண்டும். நான் பாத்திரம் துடைத்தேன். அவர் போகும்போது என் தோளுக்கு மேலே கையை நீட்டி, தொடாமல், சொன்னார்: "தொத்தோரே கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும். நீ சுவருக்குள்ளை ஒண்டும் கேக்கேல்லைத்தானே?"

ஒரே சம்பளத்தில் இரண்டு பேர்

நான் கேட்டேன், சகோதரிகளே. அதுதான் சிக்கல். சுவருக்குள் நடக்கிற கால்சத்தத்தை அல்ல, இருமலை. பின்படியில் ஏறும்போது வளைவுக்கு வந்தால் காதடியில் யாரோ வறட்டு இருமல் இருமுவார்கள். நான் அப்படியே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். முன்னும் ஆளில்லை, பின்னும் ஆளில்லை. புறா என்று இரண்டு நாள் என்னை நானே ஏமாற்றினேன். புறா இருமாது.

சிஞோராவிடம் நேரே கேட்டேன். அவ முதலில் மழுப்பினா, பிறகு கட்டில் தலைமாட்டுச் சுவரைக் காட்டினா. நான் தட்டிப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு அப்பால் ஆகாயம். வெளியே அந்தப் பொய் யன்னல், நானே இரண்டு வாளி தண்ணி ஊற்றிக் கழுவியது. யார் ஆகாயத்தில் நடப்பார்கள்? என்றாலும் ஒரு காலை முழுக்க அவவுடைய அறையிலேயே இருந்து துணி தைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. தேத்தண்ணி கொண்டு வர இறங்கினேன். திரும்பி வந்து கதவைத் தட்டினால், சிஞோரா கட்டிலில் நிமிர்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு இருக்கிறா. இப்போதுதான் நடந்தார்களாம்.

அடுத்த நாளும் அப்படியே. நான் இருந்தால் இல்லை, நான் போனால் நடக்கிறார்கள். அப்படியானால் என் போக்குவரத்து தெரிந்த ஆள். சிஞோரா தேத்தண்ணிக் கோப்பையை வாங்காமல் என்னையே பார்த்தா. "நீ போனதும் அவர் வருகிறார், அவர் போனதும் நீ வருகிறாய். நீங்கள் இருவரும் ஒரே சம்பளத்தில் இருக்கிறீர்களா?"

மா

வேலை முடிந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் ரதியைக் கண்டேன். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றபடி விசயத்தைச் சொன்னேன். அவள் சிலுவை போட்டாள், பிறகு வாங்கின பாணைப் பிய்த்து எனக்கும் தந்தாள்.

"ஆள் எண்டால் கால் அடையாளம் விழும். மாவைத் தூவிப் பாருங்கோ."

"பேய் எண்டால்?"

"பேய் எண்டால் நல்லது, அக்கா. அதுக்குச் சாப்பாடும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். உங்கடை வேலையை அதுக்குக் குடுத்திட்டு உங்களை அனுப்பிப்போடுவாங்கள்."

பின்படியின் அடியில் தோட்டத்துக்குத் திறக்கிற கதவு ஒன்று இருக்கிறது. வெளி ஆள் வந்தால் அதால்தான் வரவேண்டும். அதன் உள்பக்கம் தோசைக்கு வைத்திருந்த உளுத்தம் மாவைத் தூவினேன். காலையில் பார்த்தால் பெரிய பூட்ஸ் அடையாளம். படிக்குக் கீழே சாக்கு. சாக்கை விலக்கினால் பிந்திப் பழுக்கிற மந்தரின், பெட்டி பெட்டியாக. பிப்போவின் ஒளிப்பிடம் அது. வீடு கொதித்தாலும் அந்த மூலை மட்டும் குளிர்ந்து கிடக்கிறதாம், பழம் வாடாதாம். சிஞோராவின் மரத்துப் பழம், பிப்போவின் வியாபாரம்.

"மேலையும் நீதானே நடக்கிறாய்?" என்று மடக்கினேன். அவன் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினான். இந்தக் காலோடு ஒரு படி ஏறினால் அடுத்த படிக்குப் பாதிரியாரைக் கூப்பிட வேண்டுமாம். பிறகு ஒரு மந்தரினை உரித்து என் கையில் வைத்து, கண்ணைச் சிமிட்டினான். நான் உடனே அவொக்காத்தோவை நினைத்தேன். அந்த மனிதன்தான் ஆளை வைத்துக் கிழவியைப் பயமுறுத்துகிறான்; இவனும் உடந்தை. பழத்தைத் துப்பவும் முடியவில்லை, நல்ல இனிப்பு. பிப்போ குரலைத் தாழ்த்தினான்: "மேலை ஆர் போறது எண்டு எனக்குத் தெரியும். நான் வாய் திறக்க மாட்டன். நீயும் திறக்காதை."

வைத்தியர் கோப்பி குடித்த நாள்

வைத்தியர் நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார், அதுவே எனக்குச் சந்தேகம். சிஞோராவின் அறையில் கதிரை போட்டு இருந்து, இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்டார். அவொக்காத்தோ கணப்படியில் கைகட்டி நின்றார், முகத்தில் செத்தவீட்டுத் துக்கம். நான் கோப்பித் தட்டத்தோடு மூலையில். வைத்தியர் ஒரு கடதாசியை நீட்டி மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார். சிஞோராவின் இத்தாலியனும் புத்தகந்தான். "நேரம் தெரிய வேண்டுமானால் கேளுங்கள், சொல்கிறேன். படம் எதற்கு?" என்றா. ஆனாலும் கீறினா, முள்ளுக்கூடச் சரியாக.

பிறகு அவொக்காத்தோ மெல்ல எடுத்துக் கொடுத்தார். "மாமி, அந்தச் சுவர்க் கதையைத் தொத்தோரேக்குச் சொல்லுங்கோ."

சிஞோரா எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. தலைமாட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னா. அது ஒரு பெண். காலில் ஒன்றும் இல்லை, வெறும் பாதம். ஏறும்போது தனக்குள் முணுமுணுக்கிறாள், இத்தாலியன் இல்லை, ஆங்கிலம் இல்லை, பூமியில் தான் கேட்ட எந்தப் பாஷையும் இல்லை. ஒரே வரியைப் பத்துத்தரம் சொல்கிறாள், பிறகு ஒரு மூச்சு, பிறகு வேறு ஒன்று. "நான் இருமினால் அவள் நின்றுவிடுகிறாள்," என்றா. "பேய்கள் நாகரிகத்துக்காக நிற்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அது பேய் அல்ல."

வெறுங்கால். பத்துத்தரம். இருமினால் நிற்பது. அந்தப் பொய் யன்னலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவில் ஆகாயம் இல்லை. ஒரு பெண் தட்டத்தோடு ஏறக்கூடிய அகலத்தில் பின்படி வளைந்து போகிறது. துணி அறைக்குப் பின்னால் ஏறுவதாக நினைத்துக்கொண்டு நான் தினமும் ஏறியது கிழவியின் தலைமாட்டில். கட்டைச் சப்பாத்துச் சத்தத்தோடு கதவைத் தட்டுகிறவள்தான் அவவுக்கு ஜசிந்தா. சுவருக்குள் பத்துப் பத்தாகச் செபமாலை சொல்லி ஏறுகிறவள் வேறு ஆள். பிப்போ கண்ணைச் சிமிட்டியது எனக்காகத்தான்.

அவொக்காத்தோ பெருமூச்சு விட்டார். "கேட்டனீங்கள்தானே, தொத்தோரே. ஜசிந்தா, நீ சொல்லு. சுவருக்குள்ளை நீ ஆரையாவது கேட்டனியோ?"

இல்லை என்றால் லிபெர்த்தாவில் நல்ல ஒப்பந்தம். நான்தான் என்றால், போகாதே என்ற படியில் போனதற்கு இருக்கிற ஒப்பந்தமும் கிழியும், குவெஸ்தூராவில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். ஒரு கணம் அருளப்புவின் முதுகை நினைத்தேன், உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். பிறகு சிஞோராவைப் பார்த்தேன். அந்தப் பெருமைபிடித்த மனுசி என்னிடம் கெஞ்சவில்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரியும் என்பது போல வாயை இறுக்கிக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தா. அந்த இறுக்கம் எனக்கு ஆத்திரத்தைத் தந்தது. தட்டத்தை மேசையில் வைத்தேன். "தொத்தோரே, கோப்பி ஆறட்டும். அந்தத் தலைமாட்டுப் பக்கம் போய் இருங்கோ. இப்ப வாறன்."

முன்படியால் இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். பின்படிக்குள் போய், சுவருக்கும் கேட்கட்டும் என்று அருள் நிறைந்த மரியேயை உரத்துச் சொல்லிக்கொண்டு ஏறினேன். வளைவில் அதே இருமல், காதடியில். இந்தத் தரம் எனக்குப் பயமில்லை. கம்பளிச் சால்வைக்குள்ளிருந்து வருகிற இருமல் அது. விறாந்தையால் வந்து கதவைத் தட்டினேன். உள்ளே போனேன்.

"இதுதானா, சிஞோரா?" என்று வைத்தியர் கேட்டார்.

"இல்லை," என்றா சிஞோரா. "அந்தப் பெண் மரியாதையாகச் செபிப்பாள். இவள் மீன் விற்கிறாள்."

அவொக்காத்தோவின் முகத்தில் உயிர் வந்தது. என்னுடையதில் போனது. வைத்தியர்தான் கையைக் காட்டி, திரும்ப ஒருக்கால், வழக்கம் போல, என்றார். திரும்ப இறங்கி, திரும்ப ஏறினேன், யாரும் கேட்காத மாதிரி. நான் திரும்பி வந்தபோது வைத்தியர் கட்டிலில் இருந்து சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தார். சிஞோரா கண்ணை மூடியிருந்தா. "இவள்தான்," என்றா.

வைத்தியர் கடதாசிகளைப் பையில் போட்டார். சிஞோராவின் காது தன்னுடையதைவிட நல்ல காது, பிழை வீட்டின் அமைப்பில் என்றார். அவொக்காத்தோ என் பக்கம் திரும்பி, தடை செய்த படி, பொறுப்பு, ஒப்பந்தம் என்று தொடங்கினார். சிஞோரா கையை உயர்த்தினா. "மூடிவிட்டேன் என்று நீ சொன்ன படி அது, இல்லையா? இவளுடைய ஒப்பந்தத்தை இனி நானே எழுதுகிறேன். உன் சொல் ஆணி அடிக்கக்கூட உதவாது." அவர் கோப்பி குடிக்காமலே போனார்.

நன்றி சொல்லுவா என்று நினைத்தேன். அந்த மனுசியை எனக்கு இன்னும் விளங்கவில்லை. சுவருக்குள் நான் சொன்ன அந்த வரியின் கருத்தென்ன என்று கேட்டா. இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் எங்களுக்காக மன்றாடும் என்று மொழிபெயர்த்தேன். சிஞோரா சால்வையை இழுத்துக் கழுத்தை மூடினா. "ஆக, இத்தனை காலமும் என் தலைமாட்டில் நின்று என் மரண நேரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாய்."

காவல்

இப்போது பின்படி எனக்கு உத்தரவான படி. உக்கின பலகையைப் பிப்போ மாற்றினான், மந்தரின் பெட்டிகளைப் பற்றி நான் வாய் திறக்காததற்காக. சப்பாத்தோடு ஏறலாம் என்று சிஞோரா சொன்னா. இரண்டு நாள் ஏறினேன். மூன்றாம் நாள், அந்தச் சத்தம் பொறுக்க முடியவில்லை, பழையபடி வா என்று மணியை இழுத்தா. வெள்ளைக்காரன் வேலைக்காரியின் சத்தம் கேட்கக்கூடாது என்று கட்டின சுவரில், அவனுடைய பூட்டப்பிள்ளை காதை வைத்துக்கொண்டு கிடக்கிறா.

போன கிழமை முழங்கால் நோவு. ஒரு கையால் சுவரைப் பிடித்து மெல்ல ஏறி, சப்பாத்தைப் போட்டு, கதவைத் தட்டி உள்ளே போனேன். சிஞோரா தேத்தண்ணியைத் தொடவில்லை. கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தா. "இன்று ஒன்பதுதான் சொன்னாய். பத்தாவதை யாருக்கு வைத்திருக்கிறாய்?"

ஆகவே சகோதரிகளே, வேலை செய்கிற வீட்டில் கள்ளனைப் பிடிக்க வெளிக்கிட முதல், உங்கள் செருப்பு எங்கே கிடக்கிறது என்று ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.